என்னோடு ஒரே வகுப்பில் படித்த மகளுக்கு

கோமு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை, ஜாக்கெட் அளவு, வளையல் அளவு என்று ஏதாவது எழுதியிருப்பாய் என்று நினைத்து அடுப்படியில் நின்றபடியே பிரித்தேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய். மில் வேலையை விட்டுவிடப் போகிறாயாம். அடுத்த மாதம் எழுதிக் கொடுத்துவிடுவாயாம். அப்பாவும் நானும் சந்தோஷப்படுவோமாம். அப்பா சந்தோஷப்பட்டார், அதை மறைக்கவில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "பாத்தியாட்டி, நம்ம வளப்பு அப்படி" என்றார். எனக்கு அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது. ஏன் என்று சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும். ஹாஸ்டலில் சாப்பாட்டை முடித்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரிகள் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. நேற்று இன்று வந்ததல்ல, ஏழெட்டு வருஷமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை மேல் எந்தத் தாயாவது பொறாமைப்படுவாளா என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் தங்கள் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். உனக்கு இது புதிய சேதியாக இருக்காது. நான் உன் தாளை ஓரக்கண்ணால் பார்ப்பதையும், நீ பார்க்கும்போது என் தாளைக் கையால் மறைப்பதையும் நீ கவனித்துத்தான் இருப்பாய். ஆனாலும் வாயால் சொன்னதில்லை அல்லவா, இப்போது சொல்லுகிறேன். கல்யாணம் ஆகி நீ வேறு வீட்டுக்குப் போன பிறகு இதையெல்லாம் எழுதினால் மாப்பிள்ளை கையில் கிடைத்துவிடும்.

நான் எப்படி உன் வகுப்புக்கு வந்தேன் என்பதை நம் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது இதுதான். ராஜபாளையம் ரோட்டில் விதைக்கடை மாடியில் அந்தச் சின்னக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார்கள். டிசைன், அப்ளைடு ஆர்ட்ஸ், இரண்டு வருஷப் படிப்பு. உனக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். "ஊருக்குள்ளயே இருக்கு, பஸ் ஏற வேண்டாம், படம் வரையிறதுதான, பொம்பளப் பிள்ளைக்கு என்ன கஷ்டம்" என்று அப்பாதான் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வகுப்பு தொடங்க வேண்டிய வாரத்தில் பிரின்சிபால் சார் சைக்கிளில் நம் வீட்டுக்கு வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது பிள்ளைய சேந்தாச்சும்மா. பத்து இருந்தாத்தான் அனுமதி. ஒங்க தெருவுல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டுச் சும்மா இருக்க பிள்ள யாராவது உண்டுமா?" என்று கேட்டார். நான் காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்தான் சார். சும்மாத்தான் இருக்கேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா தாராளமாக, "பேருக்குத்தான சார், போட்டுக்கிடுங்க. ஒரு வகுப்பு நடந்தா ஊருக்கு நல்லதுதான" என்றார். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அவர் பிறகு எத்தனையோ நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அதிகாரிகள் பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும் வந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் பேச்சு. கழுகுமலைக் கல்யாணத்துக்குக் கட்டின சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். கிரேஸ் மிஸ், அவளும் சின்னப் பெண்தான், பாளையங்கோட்டையிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தாள், எல்லோர் கையிலும் ஒரு தாளும் ஒரு பிரஷும் கொடுத்தாள். கறுப்பு மையில் வெறும் கோடு மட்டும் போடச் சொன்னாள். மெல்லிய கோடு, அப்புறம் அழுத்தி, அப்புறம் மெல்லிசாக. அவ்வளவுதான் பாடம். அதிகாரிகள் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது நீ என் முழங்கையை இடித்து, "எம்மா, போதும், வீட்டுக்குப் போ" என்றாய். நான் மறுநாளும் வந்தேன். அதற்கு மறுநாளும் வந்தேன். ஒரு வாரம் கழித்து நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாய். "எல்லாரு முன்னாடியும் என்னைய ஏட்டின்னு கூப்பிடுத. டிபன் பாக்ஸைத் தொறந்து பாத்துட்டு ஏன் திங்கலன்னு கேக்குத. மத்த பிள்ளைக்கெல்லாம் காலேஜு, எனக்கு மட்டும் வீடு" என்றாய். நியாயம்தான். அதன் பிறகு உன்னைக் கோமதி என்று கூப்பிட்டேன், டிபன் பாக்ஸைத் தொடவில்லை. வருவதை மட்டும் நிறுத்தவில்லை. அப்பா சாயங்காலம் ஆறின சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு, "ஒரே வீட்டுல ரெண்டு காலேஜ் பிள்ளையளக் கட்டி மேய்க்கவன் இந்த ஜில்லாவுலேயே நான் ஒருத்தன்தான்" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த முதல் சில மாதம் எனக்குப் பொறாமை கிடையாது. ஏன் என்றால் நான்தான் உன்னைவிட நன்றாகச் செய்தேன். கலர் கலக்குவதில் என் பக்கத்தில் யாரும் வர முடியாது. பச்சை என்றால் நீங்கள் எல்லாம் புட்டியில் இருக்கிற பச்சையை எடுத்துத் தடவினீர்கள். நான் பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பந்து சுற்றி வைத்திருக்கிற வாழையிலையின் பச்சை, அது மத்தியானம் வாடின பிறகு வருகிற பச்சை என்று நாலைந்து கொண்டுவந்து காட்டினேன். மிஸ் என் தாளை எடுத்துச் சுவரில் குத்தினாள். நீ அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மகள் தலை குனிந்தால் தாய்க்கு வருத்தம் வர வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அப்புறம் அந்த ஊக்கு வந்தது. கையில் கிடைக்கிற ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அதன் வடிவத்தைச் சுருக்கி, துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒரு டிசைன் போட வேண்டும் என்று மிஸ் சொன்னாள். நான் வீட்டிலேயே யோசித்து, பாகற்காயை வட்டமாக நறுக்கிக் கொண்டுவந்திருந்தேன். நீ வழக்கம் போல ஒன்றும் கொண்டுவரவில்லை. திரும்பிப் பார்த்து, "எம்மா, ஒரு ஊக்கு குடு" என்றாய். ஜாக்கெட் கொக்கி பிய்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, என் தாலிச் செயினில் தொங்கிக்கொண்டிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அதைத் தாளில் வைத்துப் பார்த்தாய். திறந்து பார்த்தாய், மூடிப் பார்த்தாய். சாயங்காலத்துக்குள் ஒரு தாள் முழுக்க ஊக்கு. ஒன்று திறந்து, ஒன்று மூடி, ஒன்றின் வாய்க்குள் இன்னொன்றின் வால். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஊக்கே தெரியவில்லை, நாரைக் கூட்டம் பறக்கிற மாதிரி இருந்தது. மிஸ் தாளைச் சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "ஒங்க மக பாக்கத் தெரிஞ்ச பிள்ளம்மா" என்றாள். கல்யாணமான நாள் முதல் என் நெஞ்சில் கிடக்கிற சாமான். குளிக்கும்போது குத்தியிருக்கிறது, உனக்குப் பால் கொடுக்கும்போது உன் கன்னத்தில் பட்டுவிடக் கூடாதே என்று ஒதுக்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு அது ஊக்காகத்தான் தெரிந்தது. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, எங்கே எரியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பாகற்காயைச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று முதல் நான் படித்தது உன்னை முந்துவதற்காகத்தான். உனக்கு அது தெரியாது, நீ பாட்டுக்கு எல்லாவற்றையும் கடைசி நிமிஷத்தில் முடித்தாய். நான் மத்தியானச் சோற்றை வடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். நெசவுத் தெருவுக்குப் போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்று கரை எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு வருவேன். ஆடித்தபசுக்கு ஊரே தேரடியில் நிற்கும்போது நான் வளையல் கடைக்காரன் சாக்கை விரித்து எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை அடுக்குகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இதையெல்லாம் செய்ததில் எனக்குத் திறமை வந்தது, பொய் சொல்லவில்லை. நிறத்தில் இன்றைக்கும் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வடிவத்தில் உன்னிடம் நெருங்க முடியவில்லை. நான் தேடிப் போய்ப் பார்த்ததை நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாய். பிரயாசை இல்லாமல் ஒருத்திக்கு ஒன்று வருவதைப் பக்கத்து பெஞ்சில் இருந்து பார்க்கிற கொடுமை உனக்குத் தெரியாது. உனக்குப் பக்கத்தில் இருந்தது நான்தானே.

கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் கோயம்புத்தூர் மில்லிலிருந்து மானேஜர் வந்தார். டிசைன் செக்‌ஷனுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். எல்லோர் தாள்களையும் மேசை மேல் பரப்பி, பெயர் தெரியாமல் பார்த்தார். கழித்துக் கழித்து இரண்டு கட்டு மிஞ்சியது. ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது. யார் யார் என்று கேட்டார். பிரின்சிபால் சார் பெருமையாகச் சொன்னார். மானேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, அம்மாவும் மகளும் ஒரே கிளாஸுங்களா? அப்ப வீட்டுல சோறு ஆருங்க ஆக்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தோடு என் கட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டார். கோமு, உன்னுடையது என்னுடையதைவிட மேல் என்று சொல்லி அவர் என்னை ஒதுக்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். கடைசி வரை அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. நான் தோற்றேனா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, ஒனக்குத்தான் கெடைச்சிருக்கணும்" என்றாய். உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. நல்ல மனசோடுதான் சொன்னாய். ஆனாலும் சொல்லுகிறேன், இதை நினைவில் வைத்துக்கொள்: ஜெயித்தவள் தோற்றவளிடம் இரக்கம் காட்டக் கூடாது. சிரித்துக்கொண்டு போய்விட வேண்டும். நாளைக்கு உன் நாத்தனாரிடமோ ஓரகத்தியிடமோ இப்படி எதையாவது சொல்லிவைக்காதே. நான் அம்மா, பொறுத்துக்கொண்டேன். அவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

நீ போன பிறகு எனக்கு ஊரில் கிடைத்த வேலை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சார்ட்டில் தவளையின் வயிற்றை வரைந்து கொடுக்கிறேன். கல்யாண வீடுகளுக்குத் தெர்மகோலில் நல்வரவு வெட்டிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் தேறின சான்றிதழ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. இதைச் சொல்லி உன் மனதைக் கரைக்கப் பார்க்கவில்லை. நீ மில்லில் செய்வதையும் நான் இங்கே செய்வதையும் நான் தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

போன தை மாதம் திருவேங்கடத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். கருநீல வாயில் துணிச் சேலை, அது முழுக்க மஞ்சள் தீக்குச்சிகள், சிவப்புத் தலையோடு சிதறிக் கிடந்தன. நீ தீபாவளிக்கு வந்தபோது மாதிரித் துணி காட்டினாயே, அதுதான். என்னால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. அச்சு ஒரு முறை முடிந்து மறுபடி தொடங்குகிற இடம் ஒன்று இருக்கும் அல்லவா, அந்த ஒட்டு எங்கேயாவது தெரிகிறதா என்று அவள் முதுகை மேலும் கீழுமாகத் தேடினேன். தெரிய வேண்டும் என்று விரும்பித்தான் தேடினேன். சங்கரன்கோவில் வருகிற வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. அவள் திரும்பி, "என்னக்கா, பூச்சி கீச்சி ஊருதா?" என்று கேட்டாள். "இல்ல, சேலை எங்கன எடுத்த?" என்றேன். "கடையநல்லூர்ல. நாங்க அடுக்குத குச்சி கணக்கா இருக்கேன்னு எடுத்தேன். நல்லாருக்கா?" என்றாள். என் மகள் போட்ட டிசைன் என்று நாக்கு நுனி வரை வந்தது. "சுமாரா இருக்கு" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சுமாரா? போங்கக்கா, எங்க தெருவுல எத்தனை பேரு இத எங்க எடுத்தன்னு கேட்டாச்சி!" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இரண்டும் ஒரே காரணத்துக்குத்தான்.

சரி, இப்போது உன் வேலைக்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் மாப்பிள்ளை வீட்டுச் சிவகிரிக்காரர்கள்தான் உன்னை நெருக்குகிறார்கள் என்று நினைத்தேன். உன் மாமியார் ஆகப் போகிறவள் நிச்சயதார்த்தத்தன்று, "இனிமே எதுக்கு அம்புட்டுத் தூரம்?" என்று ஒரு வார்த்தை சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளை பத்திரிகை விஷயமாக வீட்டுக்கு வந்தார். அப்பா இலை வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து நேரடியாகக் கேட்டேன். "அவ வேலைய விடணும்னு நீங்க சொன்னியளா?" அவர் திகைத்துப் போனார். "அத்தை, நான் ஒண்ணும் சொல்லலியே. எங்க ஆபீஸுல கோயம்புத்தூர் பிராஞ்சுக்கு எனக்கு மாத்தல் கேக்கலாம்னு நெனச்சேன். அவதான் அதுக்கு முன்னாடியே விட்டுருதேன்னு எழுதிட்டா. அவளுக்கு அதுல இஷ்டமில்லன்னு நெனச்சி நானும் விட்டுட்டேன்" என்றார். நல்ல பையன். அவர் கேட்கவில்லை. வேலையை விடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நினைத்து நீயே முந்திக்கொண்டு தூக்கிக் கொடுத்திருக்கிறாய். எல்லோரும் உன்னை நல்ல பெண் என்று சொல்லட்டும் என்று.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உனக்கு எப்போதுமே எல்லாம் சும்மா வந்தது, அதனால் சும்மா விடுகிறாய். எனக்கு அந்த மேசை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. வடக்குப் பக்கம் பெரிய சன்னல் என்று எழுதியிருந்தாய், வெயில் நேராக விழாது, நிறம் மாறாமல் தெரியும் என்று. அதைப் படித்துவிட்டு நம் வீட்டில் எந்தச் சன்னல் வடக்குப் பார்த்தது என்று போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் நீ இருக்கிறாய் என்பதால்தான் என் வயிற்றெரிச்சலுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. என் மகள் எனக்கு முன்னால் போகிறாள், நான் பின்னால் நின்று எரிகிறேன், சரி. நீ பாதியில் உட்கார்ந்துவிட்டு, "வா அம்மா, நாம் இரண்டு பேரும் சேர்ந்து வடகம் போடலாம்" என்றால் நான் யாரைப் பார்த்து எரிவேன்?

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் மாற்றலுக்கு எழுதிக் கொடுக்கச் சொல். மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அந்த அம்மாள் கோபக்காரி இல்லை, மருமகள் வேலைக்குப் போவதைக் கேட்டுப் பழகினவள் இல்லை, அவ்வளவுதான். அப்படி எதுவும் வேண்டாம், வேலையை விடத்தான் போகிறேன் என்றால், எழுதிக் கொடுக்கிற தேதியை மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவி. அன்றைக்குக் காலையில் நான் அந்த மில் வாசலில் என் கட்டோடு நிற்பேன். மானேஜர் முன்பு பாதியில் மூடி வைத்ததை இந்தத் தடவை திறந்து பார்க்கட்டும். உன்னுடைய தீக்குச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எனக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, தூசியைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு பிரஷ்ஷும் நாலு சேலையும் எடுத்து வைத்தாகிவிட்டது. நான் உன்னைப் பயமுறுத்துவதற்காக விளையாடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ அப்படி நினைத்துவிடாதே.

அம்மா